பழைய நம்பரில் ஒரு வில்லங்கம்

1

போன செவ்வாய்க்கிழமை, வார்டில் சாப்பாட்டு இடைவேளையில் சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது கைபேசி அடித்தது. எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண். அயர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கடனை ஒரு வங்கியிலிருந்து வட்டி குறைவான இன்னொரு வங்கிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் இங்கே வழக்கறிஞர் வேண்டும். அவர் வீட்டின் பதிவேட்டை முதலிலிருந்து ஒரு முறை புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

"ஒரு சின்னச் சிக்கல்" என்றாள் அந்தப் பெண். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்த கிழவர் வாங்கிய கடன் ஒன்று பதிவேட்டில் ஒரு வரியாக இன்னும் நிற்கிறதாம். கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. வரியை அடிக்க மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதை நீக்காமல் புதிய வங்கி கையெழுத்துப் போடாது, இரண்டு வாரம் தாமதமாகும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள்.

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். போனில் அந்தப் பெண் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டாள். என் கோபம் அவள்மேல் இல்லை என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முகம்கூடப் பார்த்திராத ஒருத்தி, தீர்ந்துபோன ஒரு கடனுக்காக என்னை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறாள். எனக்குச் சிறுவயதில் ஜெபம் சொல்லிக்கொடுத்த மனிதர், தீராத கடனை என் அக்கா தலையில் கட்டினார். அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மூன்று வருடமாக ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை.

2

அன்று சாயங்காலம் இரண்டு வாரத் தாமதத்தைப் பற்றிக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "வில்லங்கம் ஒண்ணு இருக்குதாம்" என்று சொன்னதை மகள் நிவேதா கேட்டுவிட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

வில்லங்கம் என்றால் வில்லன் செய்வதா என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"ஆமாம்" என்றேன். கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு விளக்கினேன். ஒரு நிலத்தை நீ வாங்கும்போது, அதை ஏற்கெனவே யாராவது அடமானம் வைத்திருக்கிறார்களா, அதன்மேல் வழக்கு இருக்கிறதா, யாருக்காவது பாத்தியதை இருக்கிறதா என்று அரசாங்கப் பதிவில் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் வில்லங்கச் சான்று. ஊரில் ஈசி என்பார்கள். நிவேதா சிறிது யோசித்துவிட்டு, பெரியம்மா வீட்டுக்கு நீங்கள் அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

பார்த்தோம். ஈசி போட்டோம். சுத்தமாக இருந்தது. அதுதான் விஷயம்.

3

அக்காவின் பெயர் ஜெயராணி. மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருடமாக உப்பு வாருகிறாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அத்தான் இறந்து ஒன்பது வருடமாகிறது. ஒரே மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாள். நான் வெளிநாடு வந்து பதினைந்து வருடமாகியும் அவள் வாடகை வீட்டில்தான் இருந்தாள். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த காலோடு வருகிறவள், பொழுது சாயும்வரை வாசலில் வேப்பமர நிழலில்தான் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இடத்துக்கெல்லாம் அப்போது விலை ஏறிக்கொண்டிருந்தது. கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரைக்கும் வயலில் எல்லாம் கலர் கொடி நட்டு, கல் நட்டு, மனை மனையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குச் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடுவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அவள் பேரில்தான், அவளுக்கே.

சவரிமுத்து வாத்தியார் விற்கிறார் என்று அக்காதான் சொன்னாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர். கோயிலில் வாசகம் வாசிப்பார், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மறைக்கல்வி எடுத்தவரும் அவரே. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்ததில் அவர் பங்குக்கு வந்த ஐந்து சென்ட் இடமும் அதில் கட்டிய ஓட்டு வீடும். முன்னால் ஒரு கிணறு.

நான் போனில் பேசினேன். "லூர்து, நீ கேட்டா நான் வேற யாருக்கும்மா குடுக்கப்போறேன்?" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. இப்போது அந்தக் கண்ணீரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4

பத்திரம் எழுதுகிற ஆள் ஒருவரை வாத்தியாரே கூட்டிவந்தார். அந்த ஆளே ஈசி போட்டுக் கொடுத்தார். அதை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு பதிவு, பாகப்பிரிவினை. அடமானம் இல்லை, வழக்கு இல்லை. நான் அதைப் பெரிதாக்கி மூன்று முறை படித்தேன். சர்வே நம்பரைப் பார்த்தேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருந்த அதே நம்பர். சரியாகத்தானே இருக்கிறது!

இரண்டு நாள் கழித்து அக்கா பேசினாள்.

"லூர்து, ஒரு விஷயம். பாகப்பிரிவினப் பத்திரம் ஒரிஜினல் காட்டுறாரு. அதுக்கு முந்தின தாய்ப்பத்திரம் கேட்டா ஜெராக்ஸ்தான் காட்டுறாரு."

"ஒரிஜினல் எங்கேன்னு கேட்டியா?"

"கேட்டேன். பீரோ சாவி மருமக கிட்ட இருக்குது, அவ சென்னைக்குப் போயிருக்கான்னாரு. போன வாரம் கேட்டப்போ அண்ணன் ஊட்ல இருக்குதுன்னாரு. எனக்கு என்னமோ சரியா படல."

"அக்கா, வாத்தியாரச் சந்தேகப்படுறியா?"

"சந்தேகம்னு இல்ல. பாத்துட்டு வாங்குனா நல்லதுதானே. அந்த எடத்துல ஏதோ கம்பெனிக்காரங்க ஒரு தடவ ஜீப்புல வந்து போட்டோ புடிச்சிட்டுப் போனாங்க. நான் அளத்துக்குப் போறப்போ பாத்தேன்."

"அக்கா, ஈசி வந்திடுச்சு. நானே படிச்சேன். கவர்மெண்டு பேப்பர். உனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இரு. நான் பாத்துக்கிறேன்."

இதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. உனக்கு இதெல்லாம் புரியாது என்று நான் சொன்னேன். எட்டாவது வரை படித்த அக்காவிடம், அவள் உப்பு வாரிய கூலியில் பள்ளிக்கூடம் போய் நர்ஸிங் படித்த நான் சொன்னேன். "சரி பாப்பா" என்றாள். அந்த மாதக் கடைசியில் பதிவு நடந்தது. வாத்தியார் இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம்.

5

அக்கா குடிபோய் ஏழு மாதம். கிணற்றைத் தூர் வாரினாள், மேற்குப் பக்கச் சுவரைப் பூசினாள். வீடியோவில் ஒவ்வொரு மூலையாகக் காட்டுவாள். ஒரு நாள் அளத்திலிருந்து திரும்பிவந்தபோது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. சென்னையில் உள்ள ஒரு பைனான்ஸ் கம்பெனி ஒட்டியது. இந்தச் சொத்து எங்களிடம் அடமானத்தில் உள்ளது, தவணை கட்டாததால் நாங்கள் கையகப்படுத்துகிறோம், இதை யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது.

அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அக்கா என்னைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோதும் அழவில்லை. "நாளைக்கு அளத்துக்கு லீவு போட்டு ஈசி எடுக்கப் போறேன்" என்றாள்.

"ஈசிதான் எடுத்தாச்சே?"

"அது அவங்க எடுத்தது. நான் எடுக்கல."

மறுநாள் அவள் மட்டும் போனாள். கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தவன் எந்த நம்பரில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அக்கா கையிலிருந்த காகிதங்களை எல்லாம் மேசையில் பரப்பியிருக்கிறாள். நோட்டீசில் ஒரு நம்பர், பத்திரத்தில் இன்னொரு நம்பர். தாய்ப்பத்திர ஜெராக்ஸில் இருந்த நம்பர் நோட்டீசில் இருந்ததோடு ஒத்துப்போனது.

"இதுல போடுப்பா. பழைய நம்பர்ல. முப்பது வருஷத்துக்குப் போடு."

வந்துவிட்டது. பாகம் பிரிப்பதற்கு மூன்று வருடம் முன்பே மொத்த இடத்தையும் பழைய நம்பரில் வாத்தியாரும் அண்ணனும் அடமானம் வைத்திருக்கிறார்கள். வாத்தியார் மகனின் இறால் பண்ணைக்கு. தாய்ப்பத்திரம் ஒரிஜினலும் கம்பெனியிடம்தான் இருந்தது. பண்ணையில் நோய் விழுந்து எல்லாம் போய்விட்டது. அதன் பிறகுதான் பாகப்பிரிவினை. பாகம் பிரிக்கும்போதே உட்பிரிவு செய்து, பத்திரத்தைப் புது நம்பரில் எழுதினார்கள். புது நம்பருக்கு மட்டும், பாகம் பிரித்த தேதியிலிருந்து மட்டும் ஈசி போட்டால் எதுவும் வராது. எனக்கு அனுப்பியது அதுதான். அந்தக் காகிதத்தில் பொய் எதுவும் இல்லை. எந்த நம்பரில், எந்தத் தேதியிலிருந்து தேட வேண்டும் என்று சொன்னவர்கள்தான் பொய். நான் மூன்று முறை படித்த காகிதத்தின் தலையிலேயே எந்தத் தேதியிலிருந்து தேடியது என்று அச்சாகியிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் போனில் கேட்டேன். "உங்க பத்திரம் செல்லும்மா" என்றார். "ஆனா அடமானம் மொதல்ல, உங்க கிரயம் அப்புறம். நீங்க வீட்டக் கடனோட சேத்து வாங்கியிருக்கீங்க."

அன்றே விமானத்துக்குச் சீட்டு எடுத்தேன்.

6

வாத்தியார் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். நானும் அக்காவும். அவர் சம்சாரம் காபி கொண்டுவந்தார். அக்கா தொடவில்லை. நான் பழக்கதோஷத்தில் கையில் வாங்கிவிட்டேன், கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"எப்போம்மா வந்த? அங்க குளிரு எப்படி?" என்றார்.

"சார், அடமானம் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"பையன் கட்டிடுவேன்னு சொன்னான்மா. நானும் நம்புனேன்."

"எங்க கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோல் சொன்னார். நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் கையை உயர்த்தி, வகுப்பில் அமைதிப்படுத்துவதுபோல், "லூர்து, லூர்து" என்றார். பிறகு சொன்னார்:

"நீ வெளிநாட்ல இருக்க. கடவுள் உனக்குக் குடுத்திருக்காரு. நெனச்சா நீ ஒரு வருஷத்துல இத அடைச்சிடுவ. என்னால முடியுமா சொல்லு. எனக்கு எழுபத்திமூணு."

அப்போது அக்கா வாயைத் திறந்தாள்.

"சார், பத்திரம் எம் பேர்ல இருக்குது. நீங்க எங்கிட்ட பேசுங்க. நான் எந்த வெளிநாட்ல இருக்கேன்?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை நான் கவனித்தேன். ஏழு மாதம் முன்பு நானும் அவரைப்போலத்தான் இருந்தேன் என்பதையும் சேர்த்தே கவனித்தேன்.

அடுத்த நாள் காலை விழுப்புரம் மாவட்டக் காவல் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். வாத்தியார் பேரிலும் பத்திரம் எழுதியவர் பேரிலும். அக்காதான் கையெழுத்துப் போட்டாள். ஜெயராணி என்று, ஒவ்வொரு எழுத்தாக. அந்தக் கையெழுத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் சவரிமுத்து வாத்தியார்தான்.

7

அதன் பிறகு நடந்ததில்தான் எனக்கு அதிகக் கோபம். ஏமாற்றியவர் ஒருத்தர். அவருக்காகப் பேச வந்தவர்கள் எத்தனை பேர்!

கோயில் கமிட்டியிலிருந்து நான்கு பேர் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். கதவில் நோட்டீசைக் கிழித்த தடம் இருந்தது, அதற்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வயதானவரை ஸ்டேஷனுக்கு இழுப்பது பாவம் என்றார்கள். ஊர் மானம் போகிறது என்றார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்து, "நீங்க நாளைக்கி பிளைட் ஏறிடுவீங்க, இவங்கதான் இங்க எல்லார் மூஞ்சிலயும் முழிக்கணும்" என்றார். அறிவுரை மாதிரிதான் சொன்னார். எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

என் அக்காவிடம் ஒருத்தர்கூட "வீடு போனா நீ எங்கம்மா போவ?" என்று கேட்கவில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தர்கூட.

என் விடுப்பு முடிந்தது. நான் விமானம் ஏறத்தான் வேண்டியிருந்தது. கமிட்டிக்காரர் சொன்னது அந்த அளவில் உண்மையாகிவிட்டது. அதையும் நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றேகால் வருடம் அக்கா தனியாகவே அலைந்தாள். விழுப்புரத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. போகிற நாளெல்லாம் அளத்தில் கூலி போயிற்று. வக்கீல் கோர்ட்டில் தடை வாங்கியதால் கம்பெனிக்காரர்கள் உடனே பூட்டுப் போடவில்லை. நான் அனுப்பக்கூடியதை அனுப்பினேன். காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவளோடு பேசுவேன். ஒரு முறை, "நானே அடைச்சிடுறேன் அக்கா, விட்டுடு" என்று சொன்னேன். முடியும் என்றால் செய்துவிடலாமே என்று தோன்றியது. அவ்வளவு களைப்பு.

"அப்புறம் அவரு சொன்னது சரின்னு ஆயிடும்" என்றாள். "அத நீ செய்யாத."

காவல் துறையில் விசாரணை சூடுபிடித்தபோது பத்திரம் எழுதியவர் முதலில் வாயைத் திறந்தார். புது நம்பரில் மட்டும் ஈசி போடச் சொன்னதே வாத்தியார்தான் என்று எழுதிக்கொடுத்தார். அதோடு ஊர் நியாயம் பேசியவர்கள் குரலும் மாறியது. இப்போது சமாதானம் பேச வந்தார்கள். வாத்தியாருக்குச் சாலையோரத்தில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. இத்தனை காலமும் இருந்தது! முடியாத மனிதருக்கு முடிந்தது. அதை விற்றுக் கடனை அடைத்தார்கள்.

அடைத்த அன்றே கமிட்டிக்காரர்கள் ஒரு காகிதத்தோடு வந்துவிட்டார்கள். புகாரை வாபஸ் வாங்க.

"கம்பெனில கட்டியாச்சும்மா. ரசீது பாரு. கம்பெனிக்காரன் அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கடன் தீந்துச்சின்னு பதிஞ்சி குடுத்திடுவான். நீ இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடு, பெரியவரு நிம்மதியா இருப்பாரு."

அக்கா அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாளாம். கையைத் துடைக்கக்கூட இல்லை.

"பதிஞ்சிட்டு வாங்க. தாய்ப்பத்திரம் ஒரிஜினலும் எடுத்துட்டு வாங்க. நான் ஈசி போட்டுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுறேன்."

"எங்க மேலயே நம்பிக்க இல்லியா?"

"இல்லீங்க" என்றிருக்கிறாள்.

இதைப் போனில் அவள் சொன்னபோது நான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பழைய நம்பரில் ஒரு ஈசி, புது நம்பரில் ஒரு ஈசி, இரண்டையும் எடுத்தாள். அடமானம் தீர்ந்ததற்கான பதிவு பழைய நம்பரில் இருந்தது. புது நம்பரில் அவளுடைய கிரயம். தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

வாத்தியார் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அக்காவுக்கு வந்தது. எனக்கும் வாட்ஸப்பில் வந்தது. எதுவுமே நடக்காததுபோல் பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். அவர் எண்ணை அன்றே தடுத்துவிட்டேன். நிவேதா பார்த்துவிட்டு, மூன்று வருடம் ஆகிவிட்டதே, மன்னித்துவிட்டால் உனக்குத்தானே நல்லது என்றாள். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல பிள்ளை. அவள் பெரியம்மாவின் காலைப் பார்த்ததில்லை. ஒன்றேகால் வருடம் அந்தக் காலோடு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றவளுக்குப் பதிலாக நான் எப்படி மன்னிப்பது என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. அறைக்குள் போய்விட்டாள்.

போன மாதம் ஊரில் ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, படிக்கட்டில் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்த வாத்தியார் அக்காவை வழிமறித்தாராம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

"ஜெயா, நடந்தது நடந்துபோச்சு. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதம்மா" என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொல்லியிருக்கிறார்.

"வெச்சிருக்கேன் சார்" என்றாளாம் அக்கா.

நான் போனில் கேட்டேன்: "அப்புறம் என்ன ஆச்சு? அவரு என்ன சொன்னாரு?"

"அவரு என்ன சொன்னாருன்னு நான் எங்க நின்னு கேட்டேன்? கறிக்கடைல கூட்டம் சேந்திடும்னு வந்துட்டேன்."